பெரியம்மா சொன்ன ‘நோ’

கடிதம்:

வணக்கம். மெல்பேர்னில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்த என் அம்மாவுக்கு வயது 84, மறதிநோய். ஆறு வருடங்களாக வீட்டிலேயே பார்த்தேன். இரவில் இரண்டு தரம் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். அதன்பின் கதவடியில் பாய் போட்டுப் படுக்கிறேன். இனி இயலாது என்று பராமரிப்பு இல்லமொன்றில் சேர்க்கப் போகிறோம். சனம் என்ன சொல்லும்? அம்மாவிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போவது? அங்கே தமிழர் எவருமில்லை. ஆனால் அம்மா ஆங்கிலம் படிப்பித்தவர் என்பதால் மொழிப் பிரச்சினை வராது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஆறு வருடம் பார்த்தவர், அதிலும் கதவடியில் படுத்துக் காத்தவர், இனி இயலாது என்று சொன்னால் அதற்கு மேல் ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. சனத்தை விடுங்கள். கூட்டிப்போவதற்கும் பொய் தேவையில்லை: தற்காலிகமாகத் தங்கவைக்க ஆண்டுக்கு 63 நாள்வரை இடமுண்டு, முதலில் அப்படிச் சேர்த்தால் ‘கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம், அம்மா’ என்பது உண்மையாகவே இருக்கும்.

ஆனால் உங்கள் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. மொழிப் பிரச்சினை வராது என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்? மறதிநோயில் பலருக்குப் பிந்திக் கற்ற மொழிதான் முந்திக் கழன்றுபோகிறது. தாய்ப்பாலோடு வந்தது கடைசிவரை நிற்கிறது. ஆயிரம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த வாய்க்கும் இதில் விலக்கில்லை.

என் பெரியம்மா தபால் கந்தோரில் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகியவர். 2016இல் அவரைச் சிட்னியில் ஓர் இல்லத்தில் சேர்த்தபோது, ஆங்கிலம் நன்றாகப் பேசுவார் என்று படிவத்தில் எழுதியது என் கைதான். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறன்று போனேன். இடுப்பை அழுத்திப் பிடித்தபடி, சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். தாதியிடம் கேட்டேன். வலி உண்டா என்று மூன்று நாளாகக் கேட்டுக் குறித்துவருவதாகவும், ஒவ்வொரு முறையும் அவர் ‘நோ’ என்றே சொன்னதாகவும் பதிவேட்டைக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் வலிக்கு நோ என்றுதான் பெயர். பெரியம்மா என் மணிக்கட்டைப் பற்றி, ‘நோ தாங்கேலாது, பிள்ளை’ என்றார். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு வெடித்திருந்தது.

அந்தத் தாதியை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் கேட்டார், பதிலும் பெற்றார். அது தமிழ் என்று அவருக்குச் சொல்லிவைக்க வேண்டியவள் நான்.

2025 நவம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய முதியோர் பராமரிப்புச் சட்டம், விரும்பிய மொழியில் பேசவும் தேவையானபோது மொழிபெயர்ப்பாளரைப் பெறவும் அங்கிருப்பவர்களுக்கு உரிமை தருகிறது. 131 450 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். இரண்டையும் இல்லத்தாரிடம் முதல் நாளே கேளுங்கள். ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கு ‘ஒண்டுக்குப் போகோணும்’ என்று முனகும்போது எவரும் தொலைபேசியை எடுக்கப்போவதில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு என்பது விதி. சொல் விளங்காவிட்டால் அதில் பாதி ஊகத்திலேயே கழியும்.

ஆகவே ஒரு மட்டையில், அம்மா வழக்கமாகச் சொல்லும் சொற்களை அவர் உச்சரிக்கிறபடியே ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். தண்ணி, குளிருது, ஒண்டுக்கு, வேண்டாம், நோகுது. புத்தகத் தமிழ் எழுதாதீர்கள். அவர் ‘வலிக்கிறது’ என்று ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டார். ‘ரீச்சர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரானால் அதையும் எழுதுங்கள்.

பெரியம்மாவின் தலைமாட்டில் அந்த மட்டை பின்னர் நான்கு வருடம் இருந்தது. மாலைகளில் வரும் நேபாளப் பெண்ணொருத்தி, குனிந்து அவர் இடுப்பை மெல்லத் தொட்டு ‘நோ?’ என்று கேட்பாள். நல்ல நாளென்றால் பெரியம்மா ‘நோ இல்லை’ என்பார்; அவளும் அதைச் சரியாகவே குறித்துக்கொள்வாள்.