'மேட் அட்' என்றால் கோபம், 'மேட் அபௌட்' என்றால் கொள்ளைப் பிரியம்

கேள்வி: வெளிநாட்டுக் குழு ஒன்றோடு வேலை பார்க்கிறேன். ஒரு கூட்டம் முடிந்ததும் அமெரிக்கச் சக ஊழியர், 'ஆர் யூ மேட் அட் மீ?' என்று செய்தி அனுப்பினார். எனக்குச் சுருக்கென்றது. கிரேஸி, இன்சேன், வைல்ட் என்றெல்லாமும் அங்கே சர்வ சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படிப் பேசலாமா?

பதில்: அவர் உங்களைத் திட்டவில்லை. 'என் மேல் கோபமா?' என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அமெரிக்கப் பேச்சில் மேட் என்றால் பெரும்பாலும் கோபம். பிரிட்டனில் அதே சொல் கிறுக்குத்தனத்தைத்தான் முதலில் குறிக்கும். அங்கே ஒருவர் 'யூ ஆர் மேட்' என்றால் 'உனக்கென்ன கிறுக்கா?' என்கிறார். குழப்பம் வராமல் இருக்க, கூடவே வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். 'மேட் அட் ஹிம்' என்றால் அவர் மேல் கோபம். 'மேட் அபௌட் ஹிம்' என்றால் அவர் என்றால் உயிர். கிரேஸி, நட்ஸ் இரண்டும் அபௌட்டோடு சேர்ந்தால் இதே கதைதான்.

சரி, நீங்கள் பேசலாமா? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சொல் ஆளின் மேல் விழுகிறதா, நிலைமையின் மேல் விழுகிறதா? 'திஸ் வீக் ஹேஸ் பீன் கிரேஸி' என்றால் வாரம் தலைகால் புரியாமல் ஓடியது என்று அர்த்தம். யார் மனமும் நோகாது. 'யூ ஆர் கிரேஸி' நண்பர்களுக்குள் செல்லம். வாடிக்கையாளரிடம் சொன்னால் வம்பு. இன்சேன் இன்னும் காரமானது. ஆனால் விளையாட்டில் 'இன்சேன் கோல்' என்பது உச்சகட்டப் பாராட்டு. யாராவது வியப்பான சேதி சொன்னால் 'தட்ஸ் வைல்ட்' என்று தாராளமாகச் சொல்லலாம், 'நம்பவே முடியலையே' என்பது போல. அலுவலக மின்னஞ்சலில் மட்டும் இவை எதுவும் வேண்டாம். வேலை நெருக்கடி என்றால் ஹெக்டிக், கெடு நியாயமில்லை என்றால் அன்ரீசனபிள் என்று எழுதுங்கள்.

வெறியாட்டம் போடுவதற்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன. 'கோ பெர்செர்க்' வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. போர்க்களத்தில் சன்னதம் வந்தவர்கள் போலச் சண்டையிட்ட வீரர்களின் பெயர் அது. 'ரன் அமோக்' மலாய் மொழி தந்தது. ஒருவன் கண்மண் தெரியாமல் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் வெட்டிச் சாய்ப்பதைத்தான் முதலில் குறித்தது. இன்றோ வீட்டுக்குள் குழந்தைகள் ஓடியாடி ரகளை செய்தாலே 'ரன்னிங் அமோக்' என்கிறார்கள். 'கோ பனானாஸ்' இவற்றைவிட லேசானது, மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் பொது. கோல் விழுந்ததும் கூட்டம் எகிறிக் குதித்தாலும் பனானாஸ்தான். கடைசி 'ஸ்' விட்டுப்போனால் அது வெறும் வாழைப்பழம்.

ஹிஸ்டெரிகல் என்ற சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'த மூவி வாஸ் ஹிஸ்டெரிகல்' என்றால் வயிறு குலுங்கச் சிரித்தோம் என்று பொருள். 'ஷி வாஸ் ஹிஸ்டெரிகல்' என்றால் அவள் கட்டுக்கடங்காமல் அழுதாள், கத்தினாள் என்றும் ஆகும், செம சிரிப்பு மூட்டினாள் என்றும் ஆகும். போதாக்குறைக்கு, கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இது. கோபப்படும் பெண்ணை மட்டம் தட்ட நெடுங்காலம் பயன்பட்டதால் பலருக்கு இன்றும் எரிச்சலூட்டும். பெண்ணைப் பற்றிப் பேசும்போது இதைத் தவிர்ப்பதே நல்லது. பதறியடித்துக்கொண்டு தேடினாள் என்று சொல்லத்தான் ஃப்ரான்டிக் இருக்கிறதே.

லூனடிக், சைக்கோ இரண்டையும் விளையாட்டுக்குக்கூட எடுக்காதீர்கள். நிலவால் புத்தி பிசகும் என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த லூனடிக்கை, அமெரிக்கா 2012இல் சட்டம் இயற்றியே தன் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து நீக்கியது.

அமெரிக்கர்கள் வாயில் 'கோ போஸ்டல்' என்று ஒன்றும் வரும். வேலையிடத்தில் வெறிபிடித்தாற்போல் கோபப்படுவது என்று அர்த்தம். 1986இல் ஓக்லஹோமாவின் எட்மண்ட் அஞ்சலகத்தில் ஓர் ஊழியர் சக ஊழியர்கள் 14 பேரைச் சுட்டுக் கொன்றார். அதுவும் அதுபோன்ற வேறு சில அஞ்சலகச் சம்பவங்களும்தான் இந்தச் சொல்வழக்குக்குக் காரணம். யாராவது சொன்னால் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம்.