எண்ணெய் வயலில் லாரி ஓட்டும் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் ஹூஸ்டன் நகரில் நிரந்தர வசிப்புரிமையுடன் இருக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் ‘கிளாஸ் ஏ’ வணிக ஓட்டுநர் உரிமம் பெற்று, கிடங்குகளுக்கு இடையே சரக்கு ஏற்றிச் செல்கிறேன். மேற்கு டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் லாரி ஓட்ட விரும்புகிறேன். அனுபவம் குறைந்த எனக்கு அங்கே வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் எந்தச் சுமையை ஏற்றப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மேற்கு டெக்சாஸிலும் அதை ஒட்டிய நியூ மெக்சிகோவின் தென்கிழக்கிலும் பரந்திருக்கும் பெர்மியன் படுகையில் தண்ணீர், மணல், கச்சா எண்ணெய், துளையிடும் ரிக்கின் பாகங்கள் ஆகியவையே முக்கியமான சுமைகள். புதியவர்களைப் பெரும்பாலும் தண்ணீர் லாரியில்தான் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே ஒரு பீப்பாய் எண்ணெயோடு பல பீப்பாய் உப்புநீரும் மேலே வருகிறது. குழாய் போடப்படாத கிணறுகளிலிருந்து அந்த நீரைச் சுமார் 130 பீப்பாய் கொள்ளும் வேக்யூம் டேங்கரில் உறிஞ்சி எடுத்து, அதைப் பூமிக்குள் ஆழத்தில் செலுத்தும் கிணறுகளில் இறக்கிவிட்டு வருவதுதான் வேலை. பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறையில் ஒரே கிணற்றுக்கு ஆயிரக்கணக்கான டன் மணல் தேவைப்படுவதால், மணல் லாரிக்கும் ஆட்களை எடுப்பார்கள். ரிக்கை இடம் மாற்றும் பணியில் நேராக ஓட்டுநராகச் சேர முடியாது. சங்கிலி கட்டிச் சுமை ஏற்றும் உதவியாளராகச் சில காலம் இருந்தாக வேண்டும்.

ஆயிரம் கேலனுக்கு மேல் திரவம் ஏற்றும் தொட்டி லாரிக்கு உரிமத்தில் ‘டேங்கர்’ ஒப்புதல் வேண்டும். இது எழுத்துத் தேர்வோடு முடிந்துவிடும் என்பதால் இப்போதே எழுதிவிடுங்கள். கச்சா எண்ணெய்க்கு அபாயகரப் பொருள் ஒப்புதலும் கூடுதலாகத் தேவை. அதற்கு, 2022 பிப்ரவரி முதல், அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சியாளரிடம் பாடம் முடிக்க வேண்டும். கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையிலும் தேற வேண்டும். நியூ மெக்சிகோவில் கஞ்சா 2021 முதல் மாநிலச் சட்டப்படி குற்றமில்லை. ஆயினும் வணிக உரிமம் வைத்திருப்பவருக்கு அமெரிக்கக் கூட்டாட்சி விதி அதை முற்றிலும் தடுக்கிறது. ஒரே ஒரு போதைப்பொருள் சோதனையில் தவறினாலும், எல்லா நிறுவனங்களும் பார்க்கும் மையப் பதிவேட்டில் அது ஏறிவிடும். இந்த ஒன்றை அறியாமல் உரிமத்தை இழந்தவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மிட்லண்ட், ஒடெசா, பேகோஸ், நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட், ஹாப்ஸ் ஆகிய ஊர்களைச் சுற்றித்தான் நிறுவனங்களின் லாரி நிலையங்கள் இருக்கின்றன. நேரில் போய்க் கேட்பது நல்லது. போவதற்கு முன், அந்த நிறுவனத்துக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தந்திருக்கும் எண்ணை இணையத்தில் இட்டு, அதன் விபத்துகளையும், சோதனையில் ஓட்டத் தகுதியற்றவை என நிறுத்தப்பட்ட வண்டிகளின் விகிதத்தையும் பாருங்கள். இவை யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய விவரங்கள். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

நேர்காணலில் ஊதியம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எண்ணெய் வயலில் ஓட்டும் நேரத்துக்கு இணையாகக் காத்திருக்கும் நேரமும் இருக்கும். கிணற்றடியில் மணல் இறக்க ஐந்தாறு மணி நேரம் வரிசையில் நிற்க நேர்ந்தால் அதற்குப் பணம் உண்டா, உண்டென்றால் எத்தனையாவது மணியிலிருந்து, அதை யார் எழுதிக் கையொப்பமிடுவார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நடைக்கு இவ்வளவு என்று பெரிய தொகை சொல்லும் நிறுவனத்தைவிட, மணிக்கு இவ்வளவு என்று நிதானமான தொகை தரும் நிறுவனமே முதல் ஆண்டில் உங்களுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் கணவர் டெக்சாஸிலிருந்து கார்ல்ஸ்பாட் பக்கத்துக் கிணறுகளுக்கு மணல் ஏற்றுகிறார். பதினான்கு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு. எண்ணெய் வயல் ஓட்டுநர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது என்று மேற்பார்வையாளர் சொல்கிறாராம். இரவில் தொலைபேசியில் பேசும்போதே என் கணவர் தூங்கிவிடுகிறார். எனக்கு அச்சமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது, மேற்பார்வையாளர் சொல்வது சரியல்ல. மாநில எல்லையைக் கடந்து ஓட்டும் உங்கள் கணவருக்குக் கூட்டாட்சி விதிகள் முழுமையாகப் பொருந்தும். தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, பதினான்கு மணி நேரத்துக்குள் பதினொரு மணி நேரம் மட்டுமே அவர் ஓட்டலாம். வாரப் பணி நேரக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க மற்ற ஓட்டுநர்கள் 34 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். எண்ணெய் வயலுக்கென்றே ஓட்டுபவர்களுக்கு 24 மணி நேரம் போதும். இது உண்மையான சலுகை. மற்றொரு சலுகைதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம்: கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தைப் பணி நேரத்தில் சேர்க்காமல் விடலாம் என்பது அது. ஆனால் அது கிணற்றுப் பணிக்கென்றே வடிவமைத்த வண்டிகளை, அதற்கான தனிப் பயிற்சி பெற்று இயக்குபவர்களுக்கு மட்டுமே உரியது. மணலும் தண்ணீரும் ஏற்றுபவர்களுக்கு அது பொருந்தாது என்று 2012-இல் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்புத் துறை தெளிவாகவே விளக்கியது. ஆகவே உங்கள் கணவர் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் அந்தப் பதினான்கு மணி நேரத்தில்தான் கழியும்.

அமெரிக்காவில் எண்ணெய் எடுக்கும் தொழிலில் உயிரிழப்பவர்களை அதிகமாகக் கொல்வது தீயோ வெடிப்போ அல்ல, சாலை விபத்துதான். பேகோஸுக்கும் கார்ல்ஸ்பாட்டுக்கும் இடையே ஓடும் 285-ஆம் எண் நெடுஞ்சாலையை அங்குள்ளவர்கள் ‘மரண நெடுஞ்சாலை’ என்றே அழைக்கிறார்கள். களைப்போடு ஓட்டுநரும் ஓட்டக் கூடாது, நிறுவனமும் ஓட்டச் சொல்லக் கூடாது என்பது சட்டம். களைப்பினால் மறுத்தவரை வேலையிலிருந்து நீக்கினாலோ ஊதியத்தைக் குறைத்தாலோ, 180 நாட்களுக்குள் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷாவிடம் அவர் முறையிடலாம். பதினான்காம் நாள் பணி முடித்த இரவே வீட்டுக்குக் கிளம்பி வர வேண்டாம், முகாமில் உறங்கிவிட்டுக் காலையில் புறப்படட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பார்க்கும் ஆவலில் அந்த இரவுப் பயணத்தில்தான் பலர் கண்ணயர்கிறார்கள். மணல் இறக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், முகத்தோடு பொருந்தும் சுவாசக் கவசத்தை அணிகிறாரா என்றும் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். கச்சா எண்ணெய் ஏற்ற அழைப்பு வந்துள்ளது. கிணற்றடியில் எண்ணெய் சேர்த்துவைக்கும் தொட்டியின் மேல் ஏறி அளவு பார்ப்பது ஆபத்தானது என்கிறார்களே?

பதில்: ஆபத்தானதுதான், முறையாகச் செய்தால் செய்யக்கூடியதும்கூட. கச்சா எண்ணெய் லாரியின் ஓட்டுநர் பாதி அளவையாளர். தொட்டியின் மட்டத்தையும் வெப்பத்தையும் அளந்து, மாதிரி எடுத்துச் சுழற்றி, அதில் நீரும் கசடும் எவ்வளவு என்று கண்டு, சீட்டு எழுதிய பிறகே எண்ணெயை ஏற்ற வேண்டும். மூடியைத் திறந்தவுடன் வெளிப்படும் ஹைட்ரோகார்பன் ஆவி, மூச்சுக்கான ஆக்சிஜனை விலக்கி நொடிகளில் மயக்கமுறச் செய்யும். 2010 முதல் 2014 வரை, தொட்டியருகே அளவு பார்த்தோ மாதிரி எடுத்தோ கொண்டிருந்த ஒன்பது தொழிலாளர்கள் இப்படி இறந்ததை அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. அவர்களில் பலர் தனியாக இருந்தவர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவோ இன்னும் வஞ்சகமானது: குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மூக்கின் உணர்வையே அது மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் வேளையே மிகவும் அபாயமான வேளை.

ஆகவே, பல வாயுக்களை உணரும் கருவியைச் சட்டையில் மாட்டித் தருவார்களா, மூடியைத் திறக்காமல் தானாக அளவெடுக்கும் வசதி எத்தனை இடங்களில் உண்டு, இரவில் தனியாக ஏறச் சொல்வார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் அந்த வேலை வேண்டாம்.

கேள்வி: வேலையில் சேர்ந்த ஆறாம் மாதமே, ஊதியத்தில் தவணை பிடித்துக்கொண்டு லாரியைச் சொந்தமாகத் தருவதாக நிறுவனம் சொல்கிறது. ஏற்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 2014-இன் நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016-இன் தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே இறங்கியது. 2020 ஏப்ரல் 20 அன்று ஒரு பீப்பாயின் விலை பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலர் வரை போனது. அப்படிப்பட்ட காலங்களில் ரிக்குகள் நின்றுவிடும், சுமை இருக்காது. தவணை மட்டும் மாதந்தோறும் வரும். அந்த ஒப்பந்தங்கள் பலவற்றில், இடையில் விலகினால் அதுவரை கட்டிய தொகையும் லாரியும் நிறுவனத்துக்கே போய்விடும். ஆறு மாதத் தவணைக்கான பணம் கையிருப்பில் சேரும்வரை நிறுவனத்தின் லாரியையே ஓட்டுங்கள். அதன் பிறகும், ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள்.