கொள்முதல் நிலையம் எதற்கு?

கேள்வி: கார் பருவ நெல்லை அறுத்து அரசின் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரம் என்று சொல்லி நாள்கணக்கில் காக்கவைக்கிறார்கள். வியாபாரியோ களத்துக்கே வந்து எடை போட்டுக்கொள்கிறார். அரசுக்கும் இதில் நட்டம் என்கிறார்கள். நிலையங்களை மூடிவிட்டு, அந்தப் பணத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போட்டால் என்ன?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: களத்துக்கு வரும் வியாபாரி எந்த விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குகிறார் என்று பாருங்கள். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் என்று அரசு அறிவித்த விலையை மனத்தில் வைத்து, ஈரத்துக்கும் ஏற்றுகூலிக்கும் உங்கள் அவசரத்துக்கும் அதில் கழித்துக்கொண்டுதான் அவர் விலை சொல்கிறார். நிலையம் மூடப்பட்டால் கழிப்பதற்கு ஒரு தொகையே இராது.

பணமாகத் தரும் யோசனை புதிதன்று. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைப்பது பற்றி மத்திய அரசு அமைத்து, 2015 ஜனவரியில் அறிக்கை தந்த சாந்த குமார் குழு, அரசு அறிவிக்கும் ஆதரவு விலையில் அரசு முகமைகளுக்கு விற்ற விவசாயிகள் 6 விழுக்காட்டினரே என்று காட்டியதோடு, உர மானியத்துக்குப் பதிலாக ஹெக்டேருக்குச் சுமார் 7,000 ரூபாயை விவசாயிக்கு நேரடியாக வழங்கலாம் என்றது. நிலக்கணக்கில் தரப்படும் பணம் பட்டாதாரருக்குப் போகும். நெல்லுக்குத் தரப்படும் விலை, விளைவித்தவருக்குப் போக வாய்ப்புண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுவோர் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. (பயிரிட்டவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் சான்றை வாங்க அவர்கள் படும் பாடு தனிக்கதை.)

இதைவிட முக்கியமான ஒன்றுண்டு. 2002 முதல் தமிழ்நாட்டில் மாநில அரசே நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, நியாயவிலைக் கடைகளுக்கு அனுப்புகிறது. 2011 முதல் அந்த அரிசி விலையில்லாமல் வழங்கப்படுகிறது. ஆகவே நிலையத்தைத் திறந்துவைத்திருப்பது உழவர்களின் வாக்கு மட்டுமன்று, மாதந்தோறும் அரிசியை எதிர்பார்த்திருக்கும் குடும்ப அட்டைதாரர்களின் வாக்கும்தான். அரிசிக்குப் பதில் அட்டைதாரருக்குப் பணம் என்று மாற்றினால், அரசுக்கு நெல் தேவைப்படாது. தேவையில்லாத பொருளை எந்த அரசும் நெடுநாள் வாங்காது. நட்டம் என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி ரேஷன் அரிசிக்கான மானியம். அதை உழவர் பெயரில் எழுதுவது முறையன்று.

கேள்வி: அப்படியானால் சீர்திருத்தமே வேண்டாமா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: வேண்டும். ஒன்று நடந்தும் இருக்கிறது: அக்டோபரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தை, மத்திய அரசின் இசைவோடு 2022 முதல் செப்டம்பர் முதல் தேதிக்கே மாநில அரசு முன்கொண்டுவந்ததால், கார் அறுவடைக்கும் நிலையம் திறப்பதற்கும் இருந்த இடைவெளி குறைந்தது. மீதமிருப்பது 17 விழுக்காடு ஈரப்பத வரம்பு. மழைக்காலத்தில் களத்தில் காயாத நெல்லை அந்த அளவுக்குக் கொண்டுவர உலர்த்தும் இயந்திரம் நிலையத்தில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு விவசாயியும் வாங்கக்கூடியதல்ல. அடுத்து, பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் பட்டியல் எழுத்தரையும் மூட்டைக்கூலிக்கு உழைக்கும் சுமைதூக்குவோரையும் நிரந்தரப் பொறுப்பும் முறையான ஊதியமும் உள்ளவர்களாக மாற்றுவது. அந்த ஊதியத்தில் மிச்சம் பிடித்ததாக அரசு கணக்குக் காட்டும் தொகையைத்தான் விவசாயி மூட்டைக்கு இவ்வளவு என்று கையிலிருந்து எடுத்துக் கொடுத்துவருகிறார்.