கலப்பின சைகாட்களை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா? படத்தில் இருப்பது போலவே வருமா?

மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கலப்பின சைகாட் வீட்டுத் தோட்டத்துக்குச் சரிப்படுமா, விற்பவர் காட்டும் படத்தில் இருப்பது போலவே வளருமா, ஆணா பெண்ணா என்று வாங்கும்போதே தெரியுமா. முதலாவதுக்குப் பதில்: தாராளமாகச் சரிப்படும். இரண்டாவதுக்கு: வராது, வந்தால் அதிர்ஷ்டம். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

14 வருடமாக இந்தச் செடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது நிலத்தில் 9 நிற்கின்றன, அதில் 5 கலப்பு. தொட்டிகளில் நானே விதை போட்டு எடுத்த கன்றுகள் இருக்கின்றன. அவற்றின் கதை பின்னால் வரும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. சைகாட் பார்க்கப் பனை மாதிரி இருக்கும், ஆனால் பனை அல்ல. பூ கிடையாது, கூம்புதான். 'சாகோ பாம்' என்று நர்சரிகளில் விற்கிறார்களே, அந்த சைக்கஸ் ரெவலூட்டாவும் சைகாட்தான். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே பேரினத்துக்குள் இருக்கும் பல இனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து விதை கொடுக்கும். சைக்கஸுக்கு சைக்கஸ், என்செபாலார்டோஸுக்கு என்செபாலார்டோஸ், ஸாமியாவுக்கு ஸாமியா.

கலப்பு என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள், தூய இனம்தான் உசத்தி என்று. அவர்களிடம் நான் என்செபாலார்டோஸ் வுடியைக் காட்டுவேன். 1895-ல் தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் கண்ட ஒரே ஒரு புதர் அது. ஆண். அதற்குப் பிறகு காட்டில் அந்த இனத்தில் இன்னொன்றை யாரும் பார்த்ததில்லை, பெண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை. உலகத் தோட்டங்களில் இருக்கும் வுடி எல்லாமே அந்த ஒரே செடியின் பக்கக்கன்றுகள். அதற்கு விதை வழி வாரிசு வேண்டுமென்றால் என்செபாலார்டோஸ் நட்டாலென்சிஸ் போன்ற வேறு இனத்தின் பெண்ணோடு சேர்ப்பதுதான் வழி. அப்படிப் பிறந்த பெண்களோடு மறுபடியும் வுடியின் மகரந்தத்தையே சேர்த்து, தலைமுறை தலைமுறையாக அதை நெருங்கப் பார்க்கிறார்கள். கலப்பு இல்லாவிட்டால் அந்தச் செடிக்கு மகனும் இல்லை மகளும் இல்லை.

சரி, வீட்டுத் தோட்டத்துக்கு வருவோம். கலப்புச் செடிகள் பெரும்பாலும் பெற்றோரைவிட வேகமாக வளரும், நம் தவறுகளையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நான் முதலில் வாங்கியது தூய என்செபாலார்டோஸ் ஹோரிடஸ். நீல நிறமும் முறுக்கிக்கொண்ட முள் இலைகளுமாகப் பார்த்தவர் மயங்கும் செடி. வறண்ட நிலத்துக்காரனை நான் மற்ற செடிகளைப் போலத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் நடுக்குருத்து லேசாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி விடலாம் என்று பிடித்தேன், அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் கூழ், புளித்த வாடை. அதே பாத்தியில் ஒரு முழம் தள்ளி என்செபாலார்டோஸ் லாங்கிஃபோலியஸ், ஹோரிடஸ் இரண்டுக்கும் பிறந்த கலப்பு ஒன்று இருந்தது. அதே தண்ணீர், அதே மழை. அது அந்த வருடமும் இலை விட்டது.

நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நிறம் இலையின் மேல் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சு. கட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள், அடியில் பச்சை தெரியும். தேய்த்த இடம் அப்படியே பச்சையாகவே நின்றுவிடும், அதனால் ஒரு தடவைக்கு மேல் தேய்க்காதீர்கள். நிழலில் வைத்தால் பூச்சு மெலிதாகத்தான் வரும். இலை முதிர முதிரக் குறையும். கலப்பில் இன்னும் ஒரு சிக்கல், ஒரே கூம்பில் பிறந்த கன்றுகளில் ஒன்று நல்ல நீலமாகவும் அடுத்தது சாம்பல் பூத்த பச்சையாகவும் வரலாம். பெற்றோரில் ஒன்றே கலப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பத்துக் கன்றும் பத்து விதம். விற்பவர் காட்டும் படம் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் மிக அழகான ஒன்றின் படம், அல்லது தாய்ச்செடியின் படம். பொய் என்று சொல்ல முடியாது, உங்கள் செடி அது இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே வாங்கும்போது படத்தை விட்டுவிட்டுச் சீட்டைப் பாருங்கள். கலப்புப் பெயரில் தாய் முதலில், தந்தை அடுத்து எழுதுவது வழக்கம். 'டெபாவோயென்சிஸ் பெருக்கல்குறி ரெவலூட்டா' என்றால் விதை டெபாவோயென்சிஸில் காய்த்தது, மகரந்தம் ரெவலூட்டாவுடையது; இரண்டும் சைக்கஸ் இனங்கள். இந்த இரண்டு பெயரும் தெரிந்தால் செடி எவ்வளவு பெரிதாகும், வெயில் எவ்வளவு தாங்கும், குளிர் தாங்குமா என்று ஓரளவு கணக்குப் போடலாம். ரெவலூட்டாவும் இன்னொரு சைக்கஸான பான்ஸிஹுவாயென்சிஸும் சேர்ந்தது என்றால் குளிர் தாங்கும் என்று நம்பி வாங்கலாம், இரண்டு பெற்றோரும் அதற்குப் பெயர் போனவை.

நான் இதை அடிபட்டுத்தான் கற்றேன். ஒருவரிடம் 'நீலக் கலப்பு' என்று மட்டும் எழுதிய மூன்று கன்று வாங்கினேன். பெற்றோர் யார் என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்ல சாதிதான் சார்" என்றார். ஒன்று செத்தது. ஒன்று பச்சையாகவே வளர்ந்து, நடைபாதையை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது, போகிறவர் வருகிறவர் கணுக்காலையெல்லாம் பதம் பார்க்கிறது. மூன்றாவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது யார் என்று எனக்குத் தெரியாது, அதன் மகரந்தத்தை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பென்சிலால் எழுதிய அலுமினியத் தகடு ஒன்றைச் செடியிலேயே கட்டி வையுங்கள். மார்க்கர் மை வெயிலில் இரண்டு வருடம்கூடத் தாங்காது.

நடுவதில் பெரிய வித்தை இல்லை. தண்ணீர் தேங்கக்கூடாது, அவ்வளவுதான். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி, பெருமணலும் சிறு கல்லும் கலந்து, தண்டின் அடி மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். தொட்டியில் பாதிக்குப் பாதி பெர்லைட் அல்லது பியூமிஸ் (தண்ணீரை வடிய விடும் லேசான கல் துகள்கள்) இருந்தாலும் தப்பில்லை. மண் காய்ந்த பிறகு நன்றாக நனைத்து, அப்புறம் மறந்துவிடுங்கள்.

இலை விடும் நேரம்தான் கவனம் வேண்டிய நேரம். சைகாட் மற்ற செடிகள் போல ஒவ்வொன்றாக இலை விடாது, வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ ஒரு கொத்தாக மொத்தமும் கிளம்பும். வெளிவரும்போது இலை ஈரத்துணி மாதிரி மெத்தென்று இருக்கும், விரல் பட்டால் தடம் விழும். அது விறைக்கும் வரை செடியை இடம் மாற்றாதீர்கள், தொட்டியைத் திருப்பக்கூடத் திருப்பாதீர்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். அந்தச் சில வாரம் கோட்டை விட்டால் அடுத்த கொத்து வரும் வரை கோணல் இலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். புது இலைகள் மட்டும் மஞ்சளாய், பொசுங்கிச் சுருண்டு வந்தால் பெரும்பாலும் மாங்கனீசு பற்றாக்குறை. மாங்கனீசு சல்பேட் கொடுத்தால் அடுத்த கொத்து சரியாகும், இந்தக் கொத்து சரியாகாது.

இன்னொன்று, மண்ணுக்கு மேலே பவளம் மாதிரி முடிச்சு முடிச்சாக வேர் தலைகாட்டினால் நோய் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். நான் முதல் தடவை கத்தரியோடு போய்விட்டேன். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே நீலப்பச்சையாக ஒரு வளையம் தெரியும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம் அது. செடி தானே வைத்துக்கொண்ட உரக்கிடங்கு.

பூச்சி என்றால் சைக்கஸ் வகைக்கு ஒரே எமன், ஆசிய சைகாட் செதில்பூச்சி. 1977-ல் தாய்லாந்திலிருந்து விவரிக்கப்பட்ட பூச்சி, 1996-ல் ஃபுளோரிடாவில் தென்பட்டது, 2003-ல் குவாம் தீவில் நுழைந்து அங்குள்ள சைக்கஸ் காட்டையே சூறையாடியது. கலப்பு என்பதால் சைக்கஸுக்கு இதிலிருந்து விலக்குக் கிடையாது. இலையின் அடிப்பக்கம் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான். விரலால் நசுக்கிப் பாருங்கள், ஈரமாகக் கறை பட்டால் உயிரோடு இருக்கிறது, தூளாக உதிர்ந்தால் செத்தது. செத்த செதில்கள் இலையில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவோம். மோசமான இலைகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, தோட்டத்துக்கான எண்ணெய்க் கரைசலை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விடாமல் அடித்து நான் இரண்டு செடிகளைக் காப்பாற்றினேன். வேரிலும் ஒளிந்திருக்கும், அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது.

இனி நானே கலப்பு செய்த கதை. என் ரெவலூட்டா பெண். நடுவில் பழுப்பு மயிரோடு முட்டைகோஸ் மாதிரி ஒரு குவியல் வந்தது. தெரிந்த ஒருவர் டெபாவோயென்சிஸ் ஆண் கூம்பின் மகரந்தத்தை மடித்த காகிதத்தில் கொடுத்தார். டெபாவோயென்சிஸின் சிற்றிலைகள் மூங்கில் தழை போலக் கிளை கிளையாகப் பிரியும். அந்தப் பிரிவும் ரெவலூட்டாவின் விறைப்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசைதான். முதல் வருடம் தாமதித்துவிட்டேன். குவியல் முழுக்க விரிந்து மறுபடியும் மூடத் தொடங்கிய பிறகு மகரந்தம் தூவினேன். விதைகள் பருத்தன, ஆரஞ்சு நிறம் பிடித்தன, நான் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். தண்ணீரில் போட்டால் அத்தனையும் மிதந்தன. வெட்டினால் உள்ளே காய்ந்த சுருக்கம். சைகாட் விதை கருவுறாமலே பருத்துக் காட்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். (மிதக்கும் சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சில சைக்கஸ் இனங்களின் நல்ல விதையே மிதக்கும், கடலில் மிதந்து பரவும் இனங்கள் அவை.)

அடுத்த முறை அது கூம்பு வைக்க இரண்டு வருடமானது. இந்தத் தடவை மகரந்தத்தை உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத சீசாவில் ஃப்ரீசரில் வைத்திருந்தேன். குவியல் தளர்ந்து மடல்களுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி தெரிந்த நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு தடவை, ரப்பர் பந்து பொருத்திய குழாயால் ஊதிவிட்டேன். அதன் பிறகு பொறுமைதான். மகரந்தம் விழுந்ததும் கருவுறுவதில்லை, மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் உள்ளே நீந்திப் போகும் விந்தணு ஒன்று வெளிவருகிறது. இதே ரெவலூட்டாவில் அதை 1896-ல் ஜப்பானின் இக்கெனோ செய்ச்சிரோ கண்டபோது விதைத் தாவரத்தில் இப்படியா என்று தாவரவியலாளர்கள் வியந்தார்கள்.

இந்த முறை 41 விதை முங்கின. கையுறை போட்டுக்கொண்டு, நான்கு நாள் ஊறவைத்துச் சதையைச் சுரண்டினேன். விதையும் சதையும் நஞ்சு, நாய் இரண்டு விதையைக் கடித்தாலே ஈரல் கெட்டுச் சாகும் அபாயம் உண்டு, வீட்டில் நாயோ குழந்தையோ இருந்தால் பெண் கூம்பை வலை போட்டு மூடுங்கள். சுத்தம் செய்த விதைகளைச் சில மாதம் லேசாக ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) வைத்திருந்து, அப்புறம் படுக்கவைத்துப் பாதி புதைத்தேன். முதலில் வேர்தான் வரும், நேராகக் கீழே இறங்கும், ஆகவே உயரமான தொட்டியாக இருக்கட்டும். 26 முளைத்தன.

முதல் மூன்று கொத்து வரை எல்லாமே சாதாரண ரெவலூட்டா மாதிரிதான் இருந்தன. என் மகரந்தம் பிடிக்கவில்லை, பக்கத்து ஆண் செடி ஏதோ வேலை காட்டிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். நான்காவது கொத்தில் ஒரு கன்றின் நடு இலையில், அடியிலிருந்து ஏழாவது சிற்றிலை நுனியில் பாம்பின் நாக்குப் போல இரண்டாகப் பிரிந்திருந்தது. இப்போது பதினைந்துக்கு மேல் பிரிந்த இலை விடுகின்றன. மற்றவை பிடிவாதமாக அம்மா ஜாடை.

பக்கத்து ஆண் செடி என்றேனே, அதுவும் கவனிக்க வேண்டியது. பல இனங்கள் நிற்கும் தோட்டத்தில் தானாகப் பிடித்த விதையைத் தூய இனம் என்று யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். அரிய இனங்களைச் சேமிப்பவர்களிடம் அப்படி ஒரு விதை போய்ச் சேர்ந்தால் அவர்கள் பல வருட உழைப்பு கலங்கிப்போகும். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் என்செபாலார்டோஸ் பேரினம் முழுவதும் இருக்கிறது, மற்ற சைகாட்களும் பட்டியலில் உண்டு. எல்லை தாண்டி விதையோ கன்றோ வரவழைப்பதாக இருந்தால் முதலில் அனுமதிச் சீட்டு.

வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று கொத்தாவது விட்ட கன்றாக, பெற்றோர் பெயர் உள்ளதாக, ஒன்றுக்குப் பதில் மூன்றாக வாங்குங்கள்.

ஆணா பெண்ணா என்ற மூன்றாவது கேள்வி: கூம்பு வைக்கும் வரை பார்த்துச் சொல்ல வழியில்லை. இலை அகலம், தண்டு பருமன் பார்த்துச் சொல்கிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். பக்கக்கன்று என்றால் மட்டும், அது பிரிந்து வந்த செடி ஆணானால் ஆண், பெண்ணானால் பெண். என் 26-க்கு இப்போது ஆறு வயது, ஒன்றுகூட இன்னும் கூம்பு வைக்கவில்லை.