கழுத்து நரம்பு அழுத்தம்: விரல் சொல்லும் சேதி

கேள்வி: ஒரு மாதமாக வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை சுரீரென்று வலி இறங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. கழுத்தில் வலியே இல்லை. ஆனால் டாக்டர், கழுத்து நரம்பு அழுந்தியிருக்கிறது என்கிறார். எப்படி?

பதில்: கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு துவாரங்கள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கினாலோ, வயதாகி எலும்பு முள் வளர்ந்தாலோ அந்தத் துவாரம் குறுகி நரம்பின் வேர் அழுந்தும். அழுந்துவது கழுத்தில் என்றாலும் அந்த நரம்பு போய்ச் சேரும் இடத்தில்தான் வலி தெரியும்.

எந்த விரல் மரக்கிறது என்பதே நல்ல துப்பு. உங்களைப் போல் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்றால் பெரும்பாலும் கழுத்திலிருந்து வரும் 6-ஆம் நரம்பு. நடுவிரல் என்றால் 7. சுண்டுவிரல் என்றால் 8. கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தால் வலி குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் கழுத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். மாறாக, இரவில் மரத்து எழுப்பி, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாகவும் இருக்கலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

கேள்வி: ஆபரேஷன் வரை போகுமா? இப்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே குணமாகிறது. பிதுங்கிய ஜவ்வு பல சமயம் தானாகவே சுருங்கும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் ஜவ்வுப் பிதுக்கம் தெரிவதுண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்து மிரள வேண்டாம். 6 வாரமாகியும் குறையவில்லை அல்லது கையில் பலம் குறைகிறது என்றால் எம்.ஆர்.ஐ. அவசியம்.

வலியைவிடப் பலத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். சுவரில் உள்ளங்கை ஊன்றித் தள்ளும்போது ஒரு முழங்கை மட்டும் மடங்குகிறதா? மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்க முடியவில்லையா? நாளுக்கு நாள் மோசமானால் தாமதிக்காதீர்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை ஆகியவை தண்டுவடமே அழுந்துவதன் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி மாத்திரையைக் குறைந்த நாட்களுக்கு, டாக்டர் சொன்ன அளவில் மட்டும் எடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கழுத்துக்குப் பட்டை (காலர்) போடலாமா? என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: கடும் வலியில் மென்மையான காலர் ஓரிரு வாரம் போதும். அதற்கு மேல் போட்டால் கழுத்துத் தசை சோர்ந்துபோகும்.

வலி சற்றுத் தணிந்ததும் இதைச் செய்யுங்கள்: நிமிர்ந்து உட்கார்ந்து, பார்வை நேரே இருக்க, குனியாமல் அண்ணாக்காமல் தாடையை மட்டும் பின்னுக்கு இழுங்கள். தாடைக்குக் கீழே மடிப்பு விழும். அதுதான் சரியான நிலை. 5 விநாடி அப்படியே பிடித்திருந்து, பிறகு தளர்த்துங்கள். 10 முறை, நாளுக்கு 3 வேளை. பலரும் செய்யும் தவறு, இழுப்பதற்குப் பதில் தலையைக் குனிவது. வலி கையிலிருந்து தோளுக்கு ஏறிச் சுருங்கினால் பயிற்சி ஒத்துக்கொள்கிறது. விரல் நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

கழுத்தைத் திருகி நெட்டி முறிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், ஆனால் வந்திருக்கிறது.