சளியில் பூஞ்சை ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் மருந்து தொடங்கிவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காசநோய்க்கு முழுச் சிகிச்சை எடுத்தவர், சர்க்கரையும் உண்டு. நான்கு மாதமாக இருமல், மெலிவு, சளியில் இரத்தக் கீற்று. சி.டி. ஸ்கேனில் பழைய குழிக்குள் உருண்டை போல ஒன்று தெரிகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கலெக்‌ஷன் சென்டரில் சொன்னதைக் கேட்டு, சளியில் பூஞ்சை பி.சி.ஆர். எடுத்தோம். ‘அஸ்பெர்ஜில்லஸ் கண்டறியப்பட்டது’ என்று வந்தது. மருத்துவரோ, அதை வைத்து மருந்து தொடங்க முடியாது, இரத்தத்தில் வேறு சோதனை வேண்டும் என்கிறார். மாதம் ஒருமுறை பி.சி.ஆர். எடுத்தால் பூஞ்சை போய்விட்டதா என்று தெரியும் என்கிறார் சென்டர்காரர். யாரை நம்புவது?

பதில்: மருத்துவரை நம்புங்கள். உங்கள் தந்தையாருக்கு நுரையீரலில் பூஞ்சை நோய் இருக்க வாய்ப்பு அதிகம்தான். ஆனால் அதைச் சொல்வது அந்த பி.சி.ஆர். தாள் அல்ல, பழைய காசநோய்க் குழியும், அதற்குள் தெரியும் உருண்டையும், மூன்று மாதங்களைத் தாண்டிய அறிகுறிகளும்தான்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் செய்யும் சிபிநாட் சோதனையும் பி.சி.ஆர். போலவே கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு சோதனைதான், அதில் பாசிட்டிவ் என்றால் மருந்து தொடங்குகிறார்கள், எனவே பூஞ்சைக்கும் அப்படித்தான் என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். காசநோய்க் கிருமி நம் வீட்டு முற்றத்தில் வளர்வதில்லை. அஸ்பெர்ஜில்லஸ் வளர்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில், கொப்பரை உலர்த்தும் களத்திலும், ஈரம் காயாத ரப்பர் ஷீட்டிலும், மட்கிக் கிடக்கும் தென்னை ஓலையிலும் படரும் பூசணத்தில் அது இருக்கிறது. 2 முதல் 3 மைக்ரான் அளவே உள்ள அதன் விதைத்துகள்களை நாம் எல்லோரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். பி.சி.ஆர். மரபணுத் துணுக்கைத்தான் தேடுகிறது. அந்தத் துணுக்கு உயிருள்ள பூஞ்சையிலிருந்து வந்ததா, இறந்ததிலிருந்து வந்ததா, திசுவைத் தின்பதா, வெறுமனே மூச்சுக்குழாயில் ஒட்டியிருப்பதா என்று அதற்குத் தெரியாது. நெகட்டிவ் என்று வந்திருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது, ஏனெனில் உருண்டை இருக்கும் குழியிலிருந்து பூஞ்சை எல்லா நாளும் சளியில் இறங்கி வருவதில்லை. ஆகவே மாதாமாதம் இதைச் செய்வதால் ஒரு பயனும் இல்லை, பணம்தான் போகும்.

இந்த இடைத்தரகர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உள்ள பல சென்டர்களில் சோதனை நடப்பதே இல்லை. மாதிரியை வாங்கி வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். பலகையில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் என்று எழுதியிருக்கும். அந்த அங்கீகாரம் ஆய்வகத்தின் எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்து வழங்கப்படுவதல்ல, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியானது, பூஞ்சை பி.சி.ஆர். அந்தப் பட்டியலில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ‘எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே சோதனை’ என்று சளியில் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், ஏனெனில் பலருடைய வாயில் இயல்பாகவே வாழும் காண்டிடா என்னும் பூஞ்சை அதில் பாசிட்டிவாக வந்து, தேவையில்லாத மருந்தில் கொண்டுபோய் விடும். நோயாளியை அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. மருத்துவர் அல்லாத தரகரை அந்த விதி தொடுவதே இல்லை, இத்தனை ஆண்டுகள் ஆகியும் அதைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

உங்கள் மருத்துவர் கேட்டிருப்பது பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள் சோதனையாக இருக்கும். இந்த நீடித்த நோயில் பெரும்பான்மையோருக்கு அது உயர்ந்திருக்கும் என்பதால், படத்தோடு சேர்த்துப் பார்க்க அதுவே முதன்மையான சோதனை. இங்கும் ஒரு கண்ணி இருக்கிறது: ஐ.ஜி.ஈ. என்பது ஒவ்வாமைக்கான வேறு சோதனை. சென்டரில் சீட்டைச் சரியாகப் படிக்காமல் அதைச் செய்து கொடுத்துவிடுகிறார்கள். கடைசி எழுத்து ‘ஜி’தானா என்று நீங்களே சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள். காசநோய் மீண்டும் வந்திருக்கிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். அந்தச் சோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய்க்கு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், அந்தக் காசநோய் விட்டுச்சென்ற குழியில் வளரும் பூஞ்சைக்கான இரத்தச் சோதனைக்கு ஏழைத் தொழிலாளி தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டியிருப்பது எனக்கு ஆறாத வருத்தம். இரண்டு நோய்க்கும் சேர்த்து மாத்திரை எழுதப்பட்டால், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், பூஞ்சைக்கான இட்ராகோனசோல் மருந்தின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டத் தயங்காதீர்கள். சளியில் கீற்றாக வராமல் இரத்தமே தனியாக வந்தால், சோதனை முடிவுக்காகக் காத்திராமல் 108-ஐ அழைத்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அப்படியானால் பூஞ்சைக்கு மூலக்கூறு சோதனையே வீணா என்று கேட்கலாம். இல்லை. இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு வேறு கணக்கு; அதை இங்கே விடுகிறேன். உங்களுக்குப் பொருந்தக்கூடியது ஒன்று உண்டு. உருண்டையை அறுவை செய்து அகற்றினாலோ, ஊசி வழியே சதை எடுத்தாலோ, நம் ஊர்களில் வழக்கமாக அது முழுவதையும் ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலினில் பூஞ்சை செத்துவிடும், பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. நுண்ணோக்கியில் இழைகள் தெரிந்தாலும் எந்தப் பூஞ்சை என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம், அதைப் பொறுத்து மருந்தே மாறும். அந்த நிலையில், மெழுகுக் கட்டியில் பதித்து வைத்த அதே சதையிலிருந்து பி.சி.ஆர். செய்து, மரபணு வரிசையைப் படித்து இனத்தைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கைகொடுக்கும். பூஞ்சை திசுவுக்குள் இருப்பது ஏற்கெனவே கண்ணால் பார்க்கப்பட்டுவிட்டதால், சளியில் எழுகிற சந்தேகம் இங்கே எழுவதில்லை. ஆனாலும் ஃபார்மலின் மரபணுவையும் சிதைப்பதால் எல்லா நேரமும் விடை கிடைக்காது. எனவே அறுவை அரங்குக்குள் போகும் முன்பே, ஒரு துண்டை ஃபார்மலினிலும் மற்றொரு துண்டைச் சுத்தமான சலைனிலும் போடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சலைன் குப்பி அன்றைக்கே நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.