நைரோபிக்குப் போகுமுன்: ஊசி, மாத்திரை, கசகசா

கேள்வி: எனக்கு 62 வயது, ஊர் கோட்டையூர். மகன் கென்யாவில், நைரோபியில் கணக்காளராக இருக்கிறான். ஆகஸ்டில் மூன்று வாரம் வந்து இருங்கள், மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கூட்டிப் போய்ச் சிங்கம் காட்டுகிறேன் என்று அழைக்கிறான். நாங்கள் இலங்கைகூடப் போனதில்லை. செட்டியாருக்கு (என் கணவர்) 67 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எனக்கு மூட்டுவாதம், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் வரவே கூடாது என்கிறான் மகன். அறுபது தாண்டினால் அந்த ஊசி ஆகாது என்கிறார் பங்காளி வீட்டு அண்ணன். மலேரியா, காலில் ரத்தக்கட்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாங்கள் போகலாமா?

பதில்: போகலாம் ஆச்சி, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது அந்த மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயம்தான். மற்றதில் பெரும்பாலானவற்றைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு பார்த்துக்கொள்ளலாம். இதுவும், பின்னால் சொல்லும் செட்டியாரின் இதயப் பரிசோதனையும் கடைசி நேரத்தில் நடக்காது.

உங்கள் மகன் சொல்வதிலும் பாதி சரி, அண்ணன் சொல்வதிலும் பாதி சரி. இந்த ஊசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுக் குறைக்கப்பட்ட வைரஸ். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடச் சற்றே கூடுதல். கூடுதல் என்றாலும் அரிதுதான். அதனால் செட்டியாருக்கு ஊசி கூடவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரை நோய் அதற்குத் தடையும் இல்லை. முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பியில் கோளாறு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, இந்த மூன்றும் இல்லையென்றால், உங்கள் மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சம்மதித்தபின் அவர் போட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. காரணம் வயதைவிட அந்த மெத்தோட்ரெக்சேட். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. உயிருள்ள வைரஸ் ஊசி அதோடு சேராது. "பயணத்துக்காக ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி போடலாமே" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒரு மாதத்தில் மருந்தின் விளைவு முழுதாக நீங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குள் மூட்டுகள் வீங்கி, நைரோபியில் மகன் வீட்டுக் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் போகலாம்.

இனிச் சட்டம். கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் தெருவிலேயே இருக்கிறது, டெங்குவைக் கொண்டுவரும் அதே கொசு. அதனால்தான் நம் அரசு திரும்பி வருகிறவர்களிடம் இவ்வளவு கெடுபிடி செய்கிறது. அபாய நாட்டைவிட்டுக் கிளம்பிய ஆறு நாளுக்குள் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விமான நிலையச் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் உண்டு. போகும்போது யாரும் கேட்காமல் விட்டாலும், வரும்போது கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஊசியை அரசு அனுமதி பெற்ற இடங்களில் மட்டுமே போட முடியும்: சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம். காரைக்குடிப் பக்கத்துக்குத் தூத்துக்குடிதான் கிட்டே. ஒரு புட்டி மருந்தைத் திறந்தால் பல பேருக்குப் போட வேண்டியிருப்பதால், குறிப்பிட்ட கிழமைகளில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போடுவார்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சான்றிதழில் அந்த எண் ஏறும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். "நாங்களே போட்டு மஞ்சள் சான்றிதழ்ப் புத்தகமும் தருகிறோம்" என்று வேறு யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்கு மருத்துவர் விலக்குக் கடிதம் தர வேண்டியிருக்கும். இன்ன மருந்து, இன்ன நோய், அதனால் ஊசி கூடாது என்று ஆங்கிலத்தில், கையொப்பமும் முத்திரையுமாக. சர்வதேசச் சுகாதார விதிகள் இதை அங்கீகரிக்கின்றன. ஆனால் அந்தக் கடிதம் இருந்தாலும் தனிமைப்படுத்தலிலிருந்து கட்டாயம் விடுவிப்பார்கள் என்று உறுதி கிடையாது. முடிவு அந்த அதிகாரியுடையது. கிளம்புமுன் இறங்கப்போகும் விமான நிலையத்தின் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதத்தின் நகலை அனுப்பிப் பதில் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்த வாரத்தில் கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வழியில் வேறொரு நாட்டில் ஒரு வாரம் தங்கி ஆறு நாளைக் கழித்துவிடலாமே என்று ஒரு யோசனை சொல்வார்கள். அந்த நாடும் இதே சான்றிதழைக் கேட்கக்கூடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

சட்டம் தாண்டி, நோய் என்ற கணக்கில் பார்த்தால் ஒரு நல்ல செய்தி. கென்யாவுக்குள்ளேயே நைரோபி நகரத்துக்கும் மொம்பாசா நகரத்துக்கும் மட்டும் போகிறவர்களுக்கு இந்த ஊசியை உலகச் சுகாதார நிறுவனம் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. மசாய் மாரா அந்த விலக்கில் வராது. மலேரியாவும் அப்படியே. நைரோபி சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அந்தக் குளிரில் மலேரியா பரவுவது குறைவு. (உயரம் என்றதும் மூச்சுத் திணறுமோ என்று பயப்பட வேண்டாம், கொடைக்கானல் அதைவிட உயரம். ஆனால் ஆகஸ்டில் அங்கே குளிர்காலம், ஸ்வெட்டர் கட்டாயம்.) மாராவில் மலேரியா உண்டு.

அதனால் என் யோசனை இது: மாராவுக்குச் செட்டியாரும் மகனும் போய் வரட்டும். நீங்கள் நைரோபி தேசியப் பூங்காவில் சிங்கம் பாருங்கள். 1946இல் தொடங்கிய பூங்கா, நகரத்தை ஒட்டியே இருக்கிறது. சிங்கம் புல்லில் படுத்திருக்கும், பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியும். யானை மட்டும் அங்கே காட்டில் திரிவதில்லை. ஆனால் தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் காப்பகம் அந்தப் பூங்காவிலேயே இருக்கிறது. குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுப்பதைப் பார்க்கலாம். ஐந்தாறு மணி நேரச் சாலைப் பயணமும் மூட்டுகளுக்கு மிச்சம்.

மாராவுக்குப் போகிறவர் மலேரியாத் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். மருந்துக்கடையில் குளோரோகுயின் எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். கென்யாவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் மலேரியா, அதற்கு அது பலிக்காது. டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, தினமும் ஒன்று, மாராவிலிருந்து வந்தபின் நான்கு வாரம் வரை. அட்டோவாக்குவோன்-புரோகுவானில் கிடைத்தால் வந்தபின் ஏழு நாள் போதும். எது என்பதைச் சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். அந்த நேரத்துக்கு முழுக்கைச் சட்டை, டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு, கொசுவலை.

இவ்வளவு சொன்ன பிறகும், நான் உண்மையில் கவலைப்படுவது செட்டியாரின் இதயத்தைப் பற்றித்தான். வெளிநாட்டில் இறந்துபோகும் பயணிகளில் பெரும்பாலோர் மாரடைப்பிலோ விபத்திலோ போகிறவர்கள். விநோதமான காய்ச்சல்களில் போகிறவர்கள் குறைவு. வெகுநாள் சர்க்கரை இருப்பவருக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே இதயக் குழாய் அடைத்திருக்கலாம். மூச்சு வாங்குவது மட்டுமே அடையாளமாக இருக்கலாம். பழைய வீடாக இருந்தால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வேகமாக நாலு நடை நடந்து, மாடிப்படியும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பாதியில் நின்றாலோ, வழக்கத்தைவிட இரைத்தாலோ இதய மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். நன்றாக நடந்துவிட்டாலும் ஒரு ஈசிஜி எடுத்து, அதன் நகலைக் கைப்பையில் வையுங்கள்.

இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்கு அறையில் போகும் பெட்டியில் அது உறைந்துவிடலாம்; ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகியபின் பார்த்தால் பழையபடியே தெரியலாம், வேலை மட்டும் சரியாகச் செய்யாது. தேவையைப் போல் இரண்டு மடங்கு எடுத்து, பாதி அவர் பையில், பாதி உங்கள் பையில். மருந்துகளின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் மருத்துவர் கடிதம் ஒன்று. ஊசி முனைகளைப் பார்த்துக் கேள்வி கேட்டால் அதைக் காட்டலாம். நைரோபி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அதற்காக அளவை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விமானத்தில் நடக்கும் தவறு வேறு. வீட்டில் கால்மணி நேரம் முன்னதாக ஊசி போட்டுப் பழகியவர், சாப்பாட்டு வண்டி தூரத்தில் வருவதைப் பார்த்ததும் போட்டுவிடுவார். விமானம் குலுங்க ஆரம்பித்தால் வண்டி அப்படியே பின்னால் போய்விடும். சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும். தட்டு மடிமேல் வந்து, மூடியைத் திறந்த பிறகுதான் ஊசி. புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். மரத்துப்போன பாதத்தில் கொப்புளம் வந்தது தெரியவே தெரியாது.

ரத்தக்கட்டுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால்தான் அந்த அபாயம் ஏறுகிறது. ஓர இருக்கை கேட்டு வாங்கி, மணிக்கொருமுறை எழுந்து நடந்தால் போதும்.

உங்கள் மெத்தோட்ரெக்சேட்டுக்கு இன்ன கிழமை என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். ஊர் மாறினால் கிழமை மறந்து இரண்டு முறை சாப்பிட்டுவிடும் ஆபத்து உண்டு. வயிற்றுப்போக்கு என்று அங்கே யாராவது கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்; இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். செட்டியாருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், சர்க்கரை இருக்கிறதே என்று ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தயங்காதீர்கள். நீர் வற்றுவதுதான் அப்போது பெரிய எதிரி.

பெட்டி கட்டும்போது நம் பக்கத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை: கசகசா. குருமாவுக்கு ஆகும் என்று ஒரு பொட்டலம் போட்டுவிடுவது வழக்கம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அது தடைசெய்யப்பட்ட பொருள்; சிங்கப்பூரிலும்தான். துபாய் வழியாகப் போவதாக இருந்தால் ஒரு கரண்டி கசகசாகூட வேண்டாம், அரைத்துக் கலந்த மசாலாப் பொடியும் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை, பாத எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின் ஆகியவையும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. வழியில் ஊருக்குள் தங்குவதாக இருந்தால் முன் அனுமதி வாங்க வேண்டும். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைகளுக்குத் (கேரி பேக்) தடை. முறுக்கு, சீடை எல்லாம் தூக்குவாளியிலோ டப்பாவிலோ போட்டுத் துணிப்பையில் வையுங்கள். வைரத்தோடு வங்கிப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

பயணக் காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரையையும் மூட்டுவாதத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். மாராவுக்குப் போகிறவருக்கு விமான ஆம்புலன்ஸ் செலவும் அதில் அடங்க வேண்டும். நைரோபியிலிருந்து ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் சேவை 1957இல் தொடங்கிய அமைப்பின் கீழ் இயங்குகிறது. மகனை விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

சிங்கத்தைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். வண்டியைவிட்டு இறங்காதவரை அதனால் தொல்லையில்லை. அந்த வண்டியில் சீட் பெல்ட் இருக்கிறதா, இருட்டியபின் ஓட்டுகிறார்களா என்பதைக் கேளுங்கள்.

திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் இருவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போய் "கென்யா போய் வந்தேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இங்கே டெங்கு, டைபாய்டு என்றுதான் பார்ப்பார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். முதல் முறை இல்லை என்று வந்து காய்ச்சல் நிற்காவிட்டால், ஒரு நாள் கழித்து மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.